சக்கரமில்லாமல் ஓடும் ‘அதிர்வுப் பூச்சி’ கிட்: ஒரு பருவம் பயன்படுத்திய பின் எழுதும் மதிப்புரை

திருநெல்வேலி சந்திப்பைச் சுற்றியுள்ள மின்னணுச் சாமான் கடைகளிலும் இணையக் கடைகளிலும் இப்போது பரவலாகக் கிடைக்கும் ‘அதிர்வுப் பூச்சி’ ரோபோ கிட்டைப் பாளையங்கோட்டையில் எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்துக்காக வாங்கி, ஒரு பருவம் முழுவதும் மாணவர்களோடு பயன்படுத்திப் பார்த்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பெட்டியின் மேல் தயாரிப்பாளர் பெயர் எதுவும் அச்சிடப்படவில்லை. ஒன்றின் விலை 280 ரூபாய். இதில் உள்ள மோட்டார் நன்றாக இருக்கிறது, ஆனால் அதைத் தாங்கும் கால்கள், அதாவது பிரஷ் இழைகள், சரியில்லை. இவ்வகை ரோபோவின் ஓட்டத்தை மோட்டாரைவிடக் கால்களே தீர்மானிக்கின்றன என்பதால், கால்களைத் தாமே மாற்றியமைக்கும் ஆர்வம் உள்ளவர்களுக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன். பெட்டியைத் திறந்து பூட்டியவுடன் நேர்கோட்டில் ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றத்தையே தரும்.

பெட்டிக்குள் சிறிய உருளை வடிவ அதிர்வு மோட்டார் ஒன்று, பல்துலக்கியின் தலையைப் போன்ற நைலான் பிரஷ் ஒன்று, மோட்டாரைக் கவ்வும் பிளாஸ்டிக் கிளிப், சுவிட்சுடன் கூடிய பேட்டரி ஹோல்டர், சி.ஆர். 2032 வகை பட்டன் பேட்டரி, ஒட்டுவதற்கு இருபக்க ஃபோம் டேப் ஆகியவை இருக்கின்றன. பற்றாசு வைக்கும் (சால்டர் செய்யும்) வேலை இல்லை. எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் உதவியின்றியே ஒரு பாடவேளைக்குள் பூட்டி முடித்துவிடலாம். செய்முறைத் தாள் படங்களாகவே இருப்பதால் மொழிச் சிக்கலும் இல்லை.

மோட்டாரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால், அதன் அச்சின் நுனியில் அரைநிலா வடிவத்தில் ஒரு சிறு உலோகத் துண்டு பொருத்தப்பட்டிருப்பது தெரியும். அழைப்பு வரும்போது கைபேசியை அதிரவைத்த பழைய மோட்டாரும் இதே வகைதான். அந்த உலோகத் துண்டின் எடை அச்சின் மையத்தில் இல்லாமல் ஒரு பக்கமாக விலகி இருப்பதால், அது சுழலும்போது மோட்டாரை ஒவ்வொரு சுற்றிலும் எல்லாத் திசைகளிலும் மாறி மாறி இழுக்கிறது. அரை கிராம் எடை, அச்சிலிருந்து 1.5 மில்லிமீட்டர் தள்ளி, நொடிக்கு 200 முறை சுற்றுவதாக வைத்துக் கணக்கிட்டால் கிடைக்கும் விசை ஏறத்தாழ 1.2 நியூட்டன், அதாவது 120 கிராம் எடையைத் தூக்கிப் பிடிக்கப் போதுமான விசை. பேட்டரியோடு சேர்த்து இந்த ரோபோவின் எடை பன்னிரண்டு கிராம் அளவில்தான் இருக்கிறது. தன் எடையைப் போலப் பத்து மடங்கு விசையால் மேலும் கீழும் இடமும் வலமும் உலுக்கப்படும் பொருள், தரையை விட்டு நொடிக்குப் பல முறை எழும்பித்தான் தீரும். பத்தாம் வகுப்பில் விசையைப் பற்றிப் படிக்கும் மாணவர்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிய பின் மோட்டாரை விரல்களுக்கிடையே பிடிக்கச் சொன்னால், எண்ணும் உணர்வும் ஒரே நேரத்தில் அவர்களுக்குப் போய்ச் சேருகின்றன. கிட்டின் விலையில் பாதி இதற்கே தகும் என்று கருதுகிறேன்.

உலுக்கல் மட்டும் இருந்தால் ரோபோ நின்ற இடத்திலேயே துள்ளிக்கொண்டிருக்கும். அது முன்னோக்கிச் செல்வதற்குக் காரணம் உராய்வில் இருக்கும் வேறுபாடுதான். அசையாமல் நிற்கும் பொருளை முதலில் நகர்த்துவதற்கு வேண்டிய விசை, நகரத் தொடங்கிய பிறகு அதை நகர்த்திக்கொண்டே போவதற்கு வேண்டிய விசையைவிட அதிகம்; நிலை உராய்வு, இயக்க உராய்வு என்று பாடநூலில் பிரித்துச் சொல்வது இதைத்தான். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் நிலையை விட்டு அசையும் கணத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வடம் பிடித்தவர்கள் எவ்வளவு இழுத்தாலும் அசையாத தேர், பின்சக்கரங்களுக்கு அடியில் தடி கொடுத்து நெம்பியவுடன் கிளம்பிவிடுகிறது. கிளம்பிய பிறகு அதே ஆட்களே அதை இழுத்துக்கொண்டு போகிறார்கள். அதிர்வு மோட்டார் தடி போடுபவர்களின் வேலையை நொடிக்கு இருநூறு முறை செய்கிறது. ரோபோவின் கால்கள் தரையை அழுத்தும் விசை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணம் குறைந்து, அந்தக் கணத்தில் பிடி விட்டுப்போகிறது. அப்போது எந்தத் திசையில் எளிதாக வழுக்க முடியுமோ அந்தத் திசையில் அது வழுக்குகிறது.

அந்தத் திசையை முடிவு செய்வது பிரஷ் இழைகளின் சாய்வு. இழைகள் பின்னோக்கிச் சாய்ந்திருந்தால், எடை கீழே அழுத்தும்போது அவை வளைந்து, நிமிரும்போது உடலை முன்னுக்குத் தள்ளுகின்றன. பின்னுக்கு நழுவ முயன்றால் நுனிகள் தரையில் ஊன்றித் தடுக்கின்றன. 2007-இல் அமெரிக்காவின் ஈவில் மேட் சயன்டிஸ்ட் லேபரட்டரிஸ் குழுவினர், சாய்ந்த இழைகள் கொண்ட பல்துலக்கியின் தலையை வெட்டி, அதன்மேல் பேஜர் என்ற பழைய செய்திக் கருவியின் அதிர்வு மோட்டாரையும் பட்டன் பேட்டரியையும் ஒட்டி ‘பிரிஸில்பாட்’ என்ற பெயரில் செய்முறையை வெளியிட்டபோது, உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகள் அதைச் செய்து பார்த்ததற்கு இந்த எளிமையே காரணம். எல்லா இழைகளும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும் பல்துலக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் அந்தச் செய்முறையின் உயிர்நாடி.

நான் வாங்கிய கிட்டின் மிகப் பெரிய குறையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதன் பிரஷ் இழைகள் செங்குத்தாக நிற்கின்றன. செங்குத்தான இழைகளுக்கு முன் என்றும் பின் என்றும் வேறுபாடு கிடையாது. ஆகவே பூட்டி சுவிட்சைப் போட்டவுடன் ரோபோ ஓரிடத்தில் சுற்றுகிறது. சில வேளை ஓரமாக நகர்கிறது. சில வேளை அப்படியே நின்று நடுங்குகிறது. வாங்கிய பெட்டிகள் எல்லாவற்றிலும் இதே நிலைதான். அட்டையில் அச்சிட்டிருக்கும் படத்தில் இழைகள் அழகாகச் சாய்ந்திருக்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். படத்தைப் பார்த்து வாங்கும் பெற்றோருக்கு இது நியாயமில்லை.

இதற்கு மாற்று வழி இருக்கிறது. பிரஷ் தலையைச் சூடான நீரில் சில நிமிடங்கள் நனைத்து, இழைகள் ஒரே பக்கம் சாயும்படி இரண்டு மரத்துண்டுகளுக்கு இடையே அழுத்திப் பிடித்து, அப்படியே குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் நைலான் அந்தச் சாய்வைப் பிடித்துக்கொள்கிறது. சாய்வு அளவோடு இருக்க வேண்டும். மிகவும் படுத்துவிட்ட இழைகள் உடலைத் தாங்காமல் பிரஷின் அடிப்பகுதி தரையில் உரசுகிறது. வெந்நீர் வேலையைப் பெரியவர் ஒருவர் செய்து தருவது நல்லது. சாய்வு வந்த பிறகு அதே ரோபோ, அதே மோட்டார், அதே பேட்டரி, மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தயக்கமில்லாமல் ஓடுகிறது.

இனி, எந்தத் தரையில் ஓட்டுகிறோம் என்பது. வகுப்பறை மேசையின் சன்மைக்கா மேற்பரப்பில் இந்த ரோபோ மிக வேகமாக ஓடுகிறது. ஆனால் பிடிப்புக் குறைவதால் சின்னத் தடையில் பட்டாலும் திசை மாறிவிடுகிறது. பழைய வீடுகளில் இன்னும் இருக்கும் சிவப்புக் காவி பூசிய தரை இதற்கு மிகவும் ஏற்றது; வழவழப்பும் வேண்டும், நுனி ஊன்றுவதற்குச் சிறிதளவு பிடிப்பும் வேண்டும் என்ற இரண்டும் அதில் பொருந்தி வருகின்றன. ‘டைல்ஸ்’ தரையில் இரண்டு கற்களுக்கு இடையிலுள்ள கோடுகளில் இழைகள் இறங்கி மாட்டிக்கொள்கின்றன. சொரசொரப்பான சிமெண்ட் தரையில் மெல்லிய நைலான் இழைகள் குழிகளுக்குள் புதைந்து, ரோபோ அதிர்வை எல்லாம் அங்கேயே செலவழித்துவிட்டு நிற்கிறது. ஆனி, ஆடி மாதக் காற்றில் எங்கள் பக்கம் தரையெல்லாம் நுண்மணல் படிந்துவிடும். அந்த மணல்மேல் நுனிகள் உருண்டு வழுக்குவதால் ஓட்டம் பாதியாகக் குறைகிறது. ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஓட்டினால் பழைய வேகம் திரும்புகிறது.

மாணவர்கள் மிகவும் ஆர்வத்தோடு செய்த சோதனை பத்தமடைப் பாயில் நடந்தது. வீட்டுப் புழக்கத்துக்கான சாதாரணப் பாயில் கோரை சற்றுத் தடிப்பாக இருக்கும். கோரை ஓடும் திசைக்கு இணையாக ரோபோவை விட்டால், கோடு போட்டதுபோல நேராகப் போகிறது. இரண்டு கோரைகளுக்கு இடையிலான பள்ளமே அதற்குப் பாதையாகிவிடுகிறது. குறுக்காக விட்டால் தயங்கித் தயங்கி நின்று, பெரும்பாலும் உடலைத் திருப்பிக்கொண்டு கோரையின் திசைக்கே வந்துவிடுகிறது. மெல்லிய கோரை கொண்டு நெருக்கமாக நெய்த பட்டுப் பாயில் இந்த வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஒரே பொருளில் திசைக்குத் திசை உராய்வு மாறும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் தரையை நான் கடையில் தேடியும் வாங்க முடியாது. இந்தப் பக்கத்து ஆசிரியர்கள் யாரேனும் இந்தக் கிட்டை வாங்கினால், ஒரு துண்டுப் பாயையும் அதனோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சிமெண்ட் தரைக்கு ஒரு தீர்வு உள்ளூரிலேயே கிடைத்தது. பனைமட்டையின் அடிப்பகுதியைத் தட்டி எடுக்கும் பனந்தும்பு, பிரஷ் செய்வதற்காக நெல்லை, தூத்துக்குடிச் சீமையிலிருந்து நெடுங்காலமாக ஏற்றுமதியாகும் சரக்கு. நைலானைவிடத் தடிப்பாகவும் விறைப்பாகவும் இருக்கும் அந்தத் தும்பைச் சிறு கட்டுகளாகக் கட்டி, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வெட்டி, ஐஸ்கிரீம் குச்சியில் வரிசையாக ஒட்டி, சாய்வாக நிற்கும்படி பசை காயும்வரை பிடித்து வைத்தோம். வெட்டிய நுனியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் நைலான் வழவழப்பாகவும், தும்பு சிறு சிறு பிசிறுகளோடும் தெரிகின்றன. அந்தப் பிசிறும் விறைப்பும் சிமெண்ட் குழிகளில் புதையாமல் தத்தித் தாண்டிப் போக உதவுகின்றன. மேசையில் அதே கால்கள் மிகவும் துள்ளுகின்றன. ஓட்டம் கட்டுக்குள் இருப்பதில்லை. எல்லாத் தரைக்கும் ஏற்ற ஒரே கால் என்று ஒன்று இல்லை என்பதால், தயாரிப்பாளர்கள் மென்மையாக ஒன்றும் விறைப்பாக ஒன்றுமாக இரண்டு பிரஷ்களையாவது தந்திருக்க வேண்டும். அதற்கு ஆகும் கூடுதல் செலவு மிகச் சிறியது.

மோட்டாரைக் கவ்வும் கிளிப், அச்சு ரோபோவின் நீளவாக்கில் இருக்கும்படி அமைந்திருக்கிறது. இதனால் உலுக்கல் மேல் கீழாகவும் இடம் வலமாகவும் வருகிறதே தவிர, முன் பின்னாக வருவதில்லை. ரோபோ எப்போதும் ஒரு பக்கமாக வளைந்து ஓடுகிறது. பேட்டரியின் இரு கம்பிகளையும் மாற்றிக் கொடுத்தால் சுழற்சி எதிர்த்திசைக்கு மாறி, அது மறுபக்கம் வளைகிறது. இது குறையா சிறப்பா என்று கேட்டால், பாடம் நடத்துவதற்குச் சிறப்பு என்றே சொல்வேன். நேராக ஓட வேண்டும் என்பவர்கள் கிளிப்பைக் கழற்றி, அச்சு குறுக்குவாக்கில் வரும்படி ஃபோம் டேப்பால் ஒட்டிக்கொள்ளலாம். ஃபோம் டேப் சற்றுத் தடிப்பானது, அதிர்வில் ஒரு பகுதியை உறிஞ்சிவிடும்; மெல்லிய டேப்பில் வேகம் கூடுவதை மாணவர்களே கண்டுபிடித்தார்கள்.

பேட்டரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சி.ஆர். 2032 பேட்டரியின் கொள்ளளவு 220 மில்லியாம்பியர் மணி அளவில் குறிக்கப்படுகிறது. ஆனால் அந்த அளவு, கடிகாரம் போல மிகக் குறைந்த மின்னோட்டம் எடுக்கும் கருவிகளுக்கே பொருந்தும். அதிர்வு மோட்டார்கள் எழுபது, எண்பது மில்லியாம்பியர் எடுக்கக்கூடியவை; அவ்வளவை இழுத்தால் பேட்டரியின் அக மின்தடை காரணமாக மின்னழுத்தம் உடனே சரிகிறது. மோட்டாரின் விசை, சுழற்சி வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், வேகம் பாதியானால் விசை கால்வாசிக்கு இறங்கிவிடும். அதனால்தான் முதல் சில நிமிடங்கள் துள்ளி ஓடிய ரோபோ சட்டென்று சோர்ந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர், “சார், கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணிப் போட்டா மறுபடியும் ஓடுது பாருங்க” என்று காட்டியது உண்மையே. ஓய்வு கொடுத்தால் இவ்வகைப் பேட்டரி ஓரளவு தெளிவு பெறும். ஆயினும் ஒரு வகுப்பு முழுவதும் நடத்தத் தேவையான பேட்டரிகளின் செலவு, ஒரு பருவத்தில் கிட்டின் விலையையே தாண்டிவிடுகிறது. துணி துவைக்கும் பிரஷ், பொம்மைக் காரிலிருந்து எடுத்த மோட்டார், அதன் அச்சில் ஓரமாகக் குத்திய அழிப்பான் துண்டு, இரண்டு பென்சில் பேட்டரிகள் ஆகியவற்றைக் கொண்டு பெரிய வடிவில் செய்து கொண்டால் இந்தச் செலவு பெருமளவு குறைகிறது.

பாதுகாப்பு பற்றிய என் கருத்து கடுமையானது, அதை மென்மையாக்கிச் சொல்ல விரும்பவில்லை. இந்த ஹோல்டரில் பேட்டரியை விரல் நகத்தால் நெம்பி எடுத்துவிடலாம். திருகாணி போட்டு மூடும் மூடி இல்லை. இருபது மில்லிமீட்டர் அகலமுள்ள இந்த லித்தியம் பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால், ஈரமான திசுவின் வழியே மின்னோட்டம் பாய்ந்து காரப்பொருள் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான புண்ணை ஏற்படுத்திவிடும். அப்படி ஐயம் எழுந்தாலே வாந்தி எடுக்க வைக்க முயலாமல், நெல்லையில் இருப்பவர்கள் நேரே ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும். 2021 ஜனவரி முதல் நாளிலிருந்து பதினான்கு வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும் என்பது இந்தியாவில் சட்டம். இந்தப் பெட்டியில் அந்த முத்திரை இல்லை. ‘கல்விச் சாதனம்’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் இதை வாங்கிக் கொடுக்க வேண்டாம். பள்ளியில் பயன்படுத்தும்போது நாங்கள் பேட்டரிகளை எண்ணிக் கொடுத்து எண்ணியே திரும்ப வாங்குகிறோம். ஹோல்டரின் மேல் மின்கம்பி டேப்பை இறுக்கிச் சுற்றிவிடுகிறோம்.

திசையைக் கட்டுப்படுத்தும் வசதி இதில் இல்லை, ஒரே மோட்டார் கொண்ட கிட்டில் அதை எதிர்பார்க்கவும் முடியாது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ராதிகா நாக்பால் தலைமையிலான குழுவினர் உருவாக்கிய ‘கிலோபாட்’ ரோபோக்களில் இரண்டு அதிர்வு மோட்டார்களும் மூன்று விறைப்பான கம்பிக் கால்களும் இருக்கின்றன. ஒரு மோட்டார் மட்டும் ஓடினால் ஒரு பக்கம் திரும்பும். மற்றது ஓடினால் மறுபக்கம் திரும்பும். இரண்டும் ஓடினால் முன்னே போகும். 33 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்தச் சிறு ரோபோக்கள் 1024-ஐ ஒன்றுகூட்டி, நட்சத்திரம் போன்ற வடிவங்களில் தாமாகவே அணிவகுக்க வைத்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. அவை நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் நகரும் என்றாலும், விலை குறைவாக ஆயிரம் ரோபோ செய்ய வேண்டுமென்றால் சக்கரத்தையும் பல்சக்கரத்தையும் விட்டுவிட்டு அதிர்வைத் தேர்ந்தெடுப்பதே சரி என்று அந்தக் குழுவினர் முடிவெடுத்தது பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க செய்தி. இந்தக் கிட் இரண்டை வாங்கி, இரண்டு பிரஷ்களையும் பக்கவாட்டில் சேர்த்து, தனித்தனி சுவிட்ச் வைத்தால் அதே கொள்கையை ஓரளவு செய்து பார்க்கலாம். இரண்டு மோட்டார்களின் வேகமும் சரியாக ஒத்துப்போவதில்லை என்பதால், நேராக ஓட வைக்க ஒன்றின் மேல் சிறு எடை வைத்துச் சமன்செய்ய வேண்டியிருக்கும்.

சக்கர ரோபோக்களுக்கு இந்த மோட்டாரைத் துணையாக ஒட்டலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். மிக மெதுவாகக் கிளம்பும்போது திக்கித் திக்கிப் போகும் ரோபோவில் சிறு அதிர்வு, நிலை உராய்வைக் குறைத்துக் கிளம்புதலைச் சீராக்கும் என்பது சரியான கருத்தே. தொழிற்சாலைகளின் ஹைட்ராலிக் வால்வுகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அவற்றின் மின்னோட்டத்தில் சிறு நடுக்கத்தைக் கலப்பதும் இதே காரணத்தால்தான். ஆனால் முடுக்கத்தை அளக்கும் உணரிகள் பொருத்திய ரோபோவில் இதை ஒட்டினால் அளவீடுகள் குழம்பிவிடும், திருகாணிகளும் தளர்ந்துவிடும். ஆகவே அத்தகைய ரோபோக்களுக்கு இதை நான் பரிந்துரைக்கவில்லை.

வாங்கச் செல்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. எங்களிடம் பழுதான ரோபோக்களில் பெரும்பாலானவை மோட்டார் கெட்டதால் நிற்கவில்லை; மயிரிழை போன்ற அதன் கம்பிகள், அதிர்வில் ஆடி ஆடி, மோட்டாரோடு சேரும் இடத்திலேயே அறுந்துபோயின. பூட்டும்போதே அந்த இடத்தில் ஒரு சொட்டுச் சூட்டுப் பசை வைத்து, கம்பியைக் கிளிப்போடு சேர்த்து ஒட்டிவிட்டால் ஒரு பருவம் தாங்கும். கடையிலேயே பேட்டரியைப் போட்டு மோட்டாரை ஓடவிட்டுப் பாருங்கள். அரைநிலா எடை கிளிப்பில் உரசினால் கரகரவென்று சத்தம் வரும், அப்படிப்பட்ட பெட்டியை மாற்றிக் கேளுங்கள். சந்திப்பில் நான் வாங்கிய கடையில் முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார்கள். அதிர்வு மோட்டாரை மட்டும் தனியாகவும் அங்கே விற்கிறார்கள். கால்களைத் தாமே செய்துகொள்ளத் துணிந்தவர்கள் கிட்டை விட்டுவிட்டு, அந்த மோட்டாரையும் ஒரு கட்டுப் பனந்தும்பையும் வாங்கிக்கொள்வதே மேல்.